பாதியாக்கிய இருபது நாள்

அலுவலகத்தில் எனக்குப் பாதி சார் என்று பெயர். ஒரு மென்பொருள் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று அதைச் செய்யப்போகிறவர் துண்டுச் சீட்டில் எழுதி மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் திருப்பிப் பார்த்து, அதில் பாதியை அட்டவணையில் ஏற்றுவேன். நான் பாதியாக்குவேன் என்று தெரிந்து அவர்கள் இரண்டு மடங்காக எழுதினார்கள். கூட்டி எழுதுவார்கள் என்று தெரிந்து நான் பாதியாக்கினேன். ஆறு வருடம் இப்படியே ஓடியது. யாருக்கும் உறுத்தவில்லை.

"சார்கிட்ட ஒரு டீ கேட்டா அரை கப்தான் வரும். ரெண்டா கேளுங்கப்பா," என்று தாடி என்று நாங்கள் கூப்பிடும் மூத்த புரோகிராமர் என் காதுபடவே சொல்வான். நானும் சிரிப்பேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. மருத்துவமனை மென்பொருள் ஒன்றின் மருந்துச்சீட்டுப் பகுதிக்கு அவள் இருபது என்று எழுதியிருந்தாள்.

"இருபது போதுமாம்மா?"

"சரியா இருக்கும் சார். முடிஞ்சதும் ஒரு வாரம் லீவு வேணும். அப்பாவுக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம். அதுக்கு முன்னாடி அவரோட உட்கார்ந்து பேசிட்டு வரணும்."

"தாராளமா போயிட்டு வாம்மா."

மனதாரத்தான் சொன்னேன். சொன்ன கையோடு அட்டவணையில் பத்து என்று எழுதினேன். கை அப்படிப் பழகியிருந்தது. மிச்சப் பத்து நாளுக்கு இன்னொரு வேலையை அவள் பெயரில் போட்டு, வாடிக்கையாளருக்குத் தேதியும் கொடுத்துவிட்டேன்.

முதல் வேலைக்கு அவள் சொன்ன இருபது நாளும் ஆயின. இரண்டாவது வேலை அவளுடைய லீவைத் தின்றது.

படிக்கட்டோரம் நின்று அவள் போனில் பேசியதை ஒருநாள் கேட்டேன். "இப்ப தொண்டையை வருத்திக்காதீங்கப்பா. நாளன்னைக்கு வந்துடுவேன், அப்பப் பேசலாம்."

தினமும் காலையில் கடவுள் முன்னால் கண்மூடி நிற்கிறவன் நான். வாடிக்கையாளரை அழைத்து தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்து, கேட்காதவன்போல் படியிறங்கிப் போனேன். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"தேறிட்டார் சார். எல்லாத்தையும் எழுதிக் காட்டுறார்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வேலை ஏறக்குறைய முதல் வேலையின் அளவுதான். அவள் சீட்டைத் திருப்பினேன். நாற்பது. தாடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். உள்ளதை உள்ளபடி சொல்லத் தெரிந்த ஒரே பிள்ளைக்கும் நான் பொய்யைப் பழக்கிவிட்டேன்.

நாற்பதை நாற்பதாகவே ஏற்றினேன்.

இருபத்தோராம் நாள் அவளே வந்து நின்றாள். "முடிஞ்சிடுச்சு சார்."

"மிச்ச நாள் அப்பாவோட இருந்துட்டு வாம்மா. வேற எதுவும் உன் பேர்ல போடல."

அவள் மேசையில் இருந்த வெற்றுச் சீட்டுக் கட்டைக் காட்டினாள்.

"இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா சார்? அப்பாவுக்கு எழுத வசதியா இருக்கும். பாதி போதும்."

கட்டை அப்படியே எடுத்து அவள் கையில் வைத்தேன்.