பெரணி படிந்த கல்

“அத்தா, இந்தக் கல்லு எப்பக் காஞ்சுச்சு?”

சிறுமி பெனாசிர் அப்படிக் கேட்டபோது ரசூலின் கையில் சுத்தியல் இருந்தது. ஓடைப்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். கொடியில் நோய் வராமலிருக்க மயில்துத்தத்தோடு கலந்து தெளிக்கக் கடைச் சுண்ணாம்பை அவர் நம்பமாட்டார். தோட்டத்துக்கு மேலே, வறண்ட ஓடைக்கரை மேட்டில் இருக்கும் வெளிறிய கல்லை உடைத்துச் சுட்டு, தானே நீற்றிக்கொள்வார். மகள் நீட்டிய துண்டில் ஒரு சிறு இலை, நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. அதைச் சூளையில் போட அவருக்கு மனம் வரவில்லை.

அது 2003. மழை பொய்த்து, கிணறு அடிமண் தெரியக் கிடந்தது. கொடிகள் கருகியிருக்க வேண்டும். ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் தூர்களில் ஈரம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டார்.

“சின்னக்கருப்பு, என் பாத்தி நனைஞ்சு கெடக்கே?”

“மடை ஒழுகுது பாய்.”

“ஒழுகுற தண்ணி என் கொடித் தூரா பாத்துப் போகுமா?”

“படிச்ச மடை போல. விடுங்க.”

சின்னக்கருப்பின் கிணற்றிலும் அப்போது தண்ணீர் அதிகமில்லை. ரசூலுக்கு அது தெரியும். நனைந்த தூர்களுக்கு மண் அணைத்துவிட்டு வந்தார்.

இலைநோய்க்கு மருந்து கேட்கப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் போனபோது கல்லையும் கொண்டுபோனார். மகிமா என்ற ஆசிரியை அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது பெரணி, பாய். எப்பவும் தண்ணி சொட்டுற எடத்துல வளர்ற சாதி. தண்ணியில கரைஞ்சிருந்த சுண்ணாம்பு இலை மேல படிஞ்சு கல்லாயிருச்சு. இலை மக்கிருச்சு, அச்சு நின்னுருச்சு. ஆயிரக்கணக்கான வருசம் ஆகியிருக்கலாம். அப்ப உங்க மேடு நல்ல ஈரக்காடா இருந்திருக்கும்.”

“இப்பவும் அங்கன தண்ணி இருக்குமா, மேடம்?”

“அதைக் கல்லு சொல்லாது. அன்னைக்கு எங்க சொட்டுச்சுன்னு மட்டும்தான் சொல்லும்.”

மறுநாள் அப்பாவும் மகளும் மேட்டில் இலை அச்சுகளைத் தேடினார்கள். அவை நெருக்கமாக இருந்த பாறை இடுக்கில்தான் ரசூல் வருடக்கணக்காகக் கல் உடைத்த சல்லியைக் கொட்டி வந்திருந்தார். அள்ளத் தொடங்கினார்.

“பாய் கொட்டுனாக, பாயே அள்ளுறாக. நல்ல பொழப்பு,” என்று சிரித்தபடி மேடேறி வந்த சின்னக்கருப்பும் கூடையைத் தூக்கினார்.

அடியில் மண் குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான். ஐப்பசி மழைக்குப் பிறகு இடுக்கு சொட்ட ஆரம்பித்தது; மழை விட்ட பிறகும் நிற்கவில்லை. ரசூல் வாய்க்கால் வெட்டி அதைத் தன் கிணற்றுக்குத் திருப்பினார். படைத்தவன் எதையும் முழுதாக மூடிவிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். தை மாதம் பெனாசிர் ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஈரப் பாறையில் ஒரு பச்சைப் பெரணி, விரல்நுனி அளவில் சுருள் விரித்திருந்தது.

சித்திரையில் சின்னக்கருப்பின் கிணறு வற்றியது. வாய் திறந்து கேட்கிறவர் அல்ல அவர். குடும்பத்தோடு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ரசூல் தோட்டத்துக்குப் போனார். தன் கொடிகளுக்கு வைத்திருந்த தண்ணீரைச் சின்னக்கருப்பின் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, கடைசித் தூர் நனையும்வரை நின்றார். பிறகு மடையை அடைத்து, ஈரமண்ணில் பதிந்திருந்த தன் காலடிகளை மண்வெட்டியால் இழுத்து மூடினார்.