வெங்காயச் சருகு நிறம்

"உரிச்சிடவா?"

"வேண்டாம் ப்ரியா, இப்ப வேண்டாம். கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க எண்ணெய்க் கையோட தொடுவாங்க. எல்லாரும் போனப்புறம் உரிச்சுக்கலாம்."

"ஒரே ஒரு கதவு மட்டும்? கலர் எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

"கடையிலதான் பார்த்தியே."

ராஜகீழ்ப்பாக்கத்து இரண்டாவது மாடி ஃபிளாட்டில், ஒன்பது வருடங்களுக்கு முன்னால், விஷ்ணுப்ரியாவுக்கும் அவள் கணவன் கிரீஷுக்கும் நடந்த பேச்சு இது. புதுச் சமையலறையின் அலமாரிக் கதவுகளில் ஒட்டியிருந்த, உள்ளே நிறம் தெரியாத பால்வெள்ளைப் பிளாஸ்டிக் கவரின் ஒரு மூலையை அவள் நகத்தால் நெம்பியிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அப்புறம் கவர் உரிக்கப்படவே இல்லை. கிரகப்பிரவேசம் முடிந்ததும் நாத்தனாரின் சீமந்தம் வந்தது. அதற்கப்புறம், மகள் மாளவிகா ஸ்கெட்ச் பேனாவும் கையுமாகத் திரிந்த வயது. பிறகு கிரீஷ் காரணம் சொல்வதையே விட்டுவிட்டான், அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். தானே உரித்திருக்கலாம்தான். ஆனால் உரித்த பிறகு விழப்போகும் முதல் கீறலுக்குப் பதில் சொல்ல அவளிடம் தெம்பில்லை. பள்ளிக்கூடத்தில் ஏழு பீரியட் நின்றுவிட்டு வந்து, கவரின் மேல் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்துக்கொண்டே சப்பாத்தி தேய்ப்பாள். தினமும் ஈரத் துணியால் துடைத்ததும் அந்தப் பெயரைத்தான். தேடித் தேடி எடுத்த அந்த நிறத்தின் முன்னால் ஒரு நாளாவது நின்று சமைக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இப்போது கவர் மஞ்சளித்துப் போயிருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு, சுருளுக்குள் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறையையே மாற்றிவிடலாம் என்று தீர்மானித்த கிரீஷ், பம்மலிலிருந்து அப்துல் ரசாக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தான். முப்பது வருடமாகத் தச்சு வேலை பார்ப்பவர் அவர்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம் பாய். பத்து நாள் ஆகுமாமே?"

ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த விஷ்ணுப்ரியாவின் காதில் விழுந்தது. பத்து நாள் குளியலறையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று நினைத்தபோதே இடுப்பு வலித்தது.

ரசாக் அலமாரிகளைப் பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்த்தார். குனிந்து சிங்க்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"சார், பெட்டியெல்லாம் கல்லு மாதிரி கீது. சிங்க்குக்குக் கீழ மட்டும் தண்ணி குடிச்சு உப்பிக்கினு கீது, அத்த மாத்திடலாம். மீதிய எதுக்கு ஒடைக்கணும்? கதவு மட்டும் புதுசு போட்டா போதும்."

"கதவுதானே பாய் ரொம்ப மோசம்."

"மோசமா?" ரசாக் ஒரு கதவின் மூலையைச் சுரண்டினார். கவர் துணுக்குத் துணுக்காகக் கிழிந்து வந்தது. "யக்கா, இங்க வந்து பாருங்க. கதவு கெட்டுப்போவல. கவர்தான் கெட்டுப்போச்சு."

அவள் கையில் சிவப்புப் பேனாவோடு வந்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது, வெங்காயச் சருகு நிறம். கடையில் பார்த்ததைவிட அழகாக இருந்தது.

"அப்ப மொத்தத்தையும் உரிச்சிட்டா?"

ரசாக் பக்கத்துக் கதவில் முயன்றார். அங்கே கவர் வரவே இல்லை. பட்டைக் கத்தியை வைத்ததும் வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"வெயிலும் அடுப்புச் சூடும் பட்டுப் பட்டு பசை உள்ள எறங்கிடுச்சுக்கா. மொத வாரமே உரிச்சிருந்தா வாழப்பழத் தோலு மாதிரி வந்திருக்கும். இன்னாத்துக்கு சார் இத்தினி வருசம் உட்டுவெச்சீங்க?"

"புதுசு, அழுக்காயிடக் கூடாதுன்னுதான்."

"அழுக்காவலதான்," என்றார் ரசாக், சிரிக்காமல்.

விஷ்ணுப்ரியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது. கிரீஷ் வளர்ந்ததெல்லாம் வாடகை வீடுகளில். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் அவன் அப்பா ஹவுஸ் ஓனரிடம் போய் நிற்க வேண்டும். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும், யாரோ ஒருநாள் வந்து சுவரையும் கதவையும் சரிபார்க்கப் போகிறார்கள் என்பதுபோலவே அவன் இருந்தான். டிவி ரிமோட்டுக்குக்கூட உறை. அது தெரிந்ததால்தான் அவளும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

கதவுகளை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று.

"கலர் நீயே சொல்லு," என்றான் கிரீஷ்.

"அதேதான்."

"மறுபடியும் அதேவா? பார்த்துப் பார்த்து போரடிக்கலையா உனக்கு?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ரசாக் அளக்கும் டேப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவள் சிரித்துவிட்டாள், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

மூன்றாவது சனிக்கிழமை கடைசிக் கதவும் மாட்டியாயிற்று. பன்னிரண்டு கதவுகளிலும் புதுக் கவர் பளபளத்தது. அதன் மேல் வேறொரு கம்பெனிப் பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். ரசாக் உளிகளைப் பைக்குள் போட்டபடியே கேட்டார்.

"கவர உரிச்சுக் குடுத்துடவா சார், அப்படியே உடட்டுமா?"

"இருக்கட்டும் பாய். மார்ச்ல பொண்ணுக்குப் பன்னெண்டாவது பரீட்சை. அது முடிஞ்சதும்..."

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கிய பிறகும் கிரீஷ் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

விஷ்ணுப்ரியா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரக் கதவின் பக்கம் போய் நின்றாள். கால் வலித்தது. இன்னொரு ஒன்பது வருடம் இந்தப் பெயரையும் படித்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"என்னங்க," என்றாள். "அன்னிக்கு அரைகுறையாக் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. இதுல கீறல் விழும், மஞ்சள் கறை படும், எல்லாம் என் கையாலதான் படும். பரவாயில்லன்னு சொல்லிட்டு, நீங்களே, உங்க கையால, இப்பவே எனக்கு இதை உரிச்சுக் குடுங்க."