பத்து சுப்புராயன்க்கு

கடலூர் செம்மண்டலத்து சுப்புராயனுக்கு இந்த உலகத்தில் அருவருப்பான சாமான்கள் நிறைய உண்டு. 2011 மே மாசம் வரைக்கும் அதில் முதல் இடம் டீயின் மேல் படியும் ஆடைக்கு இருந்தது. அதற்கப்புறம் அந்த இடத்தை செம்பியன் நடத்தும் பிரவுசிங் சென்டரின் மவுஸ் பிடித்துக்கொண்டது. கடலூரில் வடை தின்ற அத்தனை பேரும் அதைத் தொட்டிருந்தார்கள். கீழே வைத்தாலும் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் அதைப் பிடித்தார். பிடிக்காமல் இருக்க முடியாது. சிதம்பரத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் ராஜாமணி என்று ஒருத்தன் ஏழு வருஷமாகக் குடியிருந்தான். மகள் இலக்கியாவுக்கு சிதம்பரத்தில் டீச்சர் வேலை. வயிற்றில் ஆறு மாசம். தினம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கில் கடலூரில் ஏற்றிய மோர் சிதம்பரத்தில் வெண்ணெயாக இறங்கும் என்பார்கள். "ஏழாம் மாசத்துக்கு மேல பஸ்ஸே கூடாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனவே வீடு காலியாக வேண்டும்.

ராஜாமணியைக் கேட்டால், "காலி பண்ணிட்றேன் மாமா, நல்ல நாள் பாக்கறேன்" என்பான். மாமா என்று கூப்பிட அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ஏழு வருஷத்தில் பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல நாளும் வரவில்லை. முன்னறையில் புறா வளர்த்தான். அந்த அறைக்குள் போய் வந்தால் சுப்புராயன் இரண்டு வேளை சாப்பிட மாட்டார்.

"எழுதி வாங்கிடுங்க மாமா" என்றான் செம்பியன். "ஆபீஸுக்கெல்லாம் அலையவே வேணாம். இன்டர்நெட்ல ஒரு எடம் இருக்கு. பத்திரத்த அதுல ஏத்தி, அங்கயே திருத்தி, மவுஸாலயே கையெழுத்துப் போட்டு, பிரிண்ட் எடுத்துக்கலாம். அந்தாளுக்கு ஈமெயில் போவும், அவரும் சிதம்பரத்துல ஒக்காந்துகிட்டே போட்டுடுவாரு."

"மவுஸால கையெழுத்தா? எலி வால்ல மைய தொட்டா?"

"போட்டுப் பாருங்க மாமா."

போட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் சர்க்கரை ஆலை டைம் ஆபீஸில் சுழித்துச் சுழித்துப் போட்ட கையெழுத்து. திரையில் அது உப்புப் போட்ட மண்புழு மாதிரி நெளிந்து கிடந்தது. இதைப் பார்த்து எந்த மனுஷன் பயப்படுவான் என்று நினைத்துக்கொண்டார்.

பத்திரம் புதிதாக எழுதியது இல்லை. வடலூரில் மணி என்று ஒரு வீட்டுக்காரருக்கு செம்பியன் எப்போதோ அடித்துக்கொடுத்த ஒப்பந்தம். அதையே ஏற்றி, குடியிருப்பவர் பெயரையும் விலாசத்தையும் தேதியையும் மாற்றினான். கடைசியாக, மணி என்று எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சுப்புராயன் என்று மாற்றச் சொல்லி ஒரே பொத்தானை அழுத்தினான்.

"எல்லா எடத்துலயும் எம் பேரு வந்துடுச்சா?"

"நாப்பத்தேழு எடத்துல வந்துடுச்சு மாமா."

நாலு பக்கத்தில் நாற்பத்தேழு இடம். சுப்புராயனுக்கு அன்றைக்கு ஒரு நாள் மட்டும் இன்டர்நெட் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. முதல் பக்கத்தில் முதல் வரியை மட்டும் படித்தார், பெயர் ஜம்மென்று இருந்தது, மிச்சத்தைப் படிக்கவில்லை. இரண்டாம் நாள் ராஜாமணியும் சிதம்பரத்திலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். ஏழு வருஷம் இழுத்தவன் இரண்டே நாளில் போட்டானே என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி, பிரிண்ட் எடுத்த பத்திரத்தோடு சிதம்பரத்துக்குப் போனார். ராஜாமணி கதவைத் திறந்து, அவரைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தான்.

"நீங்க மட்டுமா மாமா? மத்தவங்க எங்க?"

"எந்த மத்தவங்க? சாவியக் குடு."

"மூணாம் பக்கம் படிங்க."

சுப்புராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'ஜூன் 15ஆம் தேதி காலை பத்து சுப்புராயன்க்கு வீட்டின் சாவியை ஒப்படைத்து விடுவதாக' என்று இருந்தது.

"பத்து சுப்புராயன்க்குத் தர்றதாத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒருத்தருக்குக் குடுத்தா மீதி ஒம்போது பேரு எம்மேல கேஸ் போடுவாங்க" என்றான் ராஜாமணி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பத்து மணிக்கு என்று இருந்த இடம். பொத்தான் அதையும் விடவில்லை. அங்கேயே நின்று அந்தப் பக்கத்தின் மிச்சத்தையும் படித்தார். வாடகையைச் சுப்புராயன்யார்டரில் அனுப்ப வேண்டும். கொல்லையில் சுப்புராயன்லா காய வைக்கக் கூடாது. மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைத்தான் அந்த வடலூர்க்காரர் மணிலா என்று எழுதச் சொல்லியிருக்கிறார். குடியிருப்பவரோடு வசிக்கும் பெண்சுப்புராயன்கள் பின்வாசல் வழியாகப் போய் வரலாம். இந்த இடத்தில் அவருக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. புறா நாற்றமும் சேர்ந்துகொண்டது.

"பத்து பேரும் எப்ப வந்தாலும் சரி மாமா, அந்த நிமிஷம் சாவி ஒங்களுது. இந்தத் தெருவே சாட்சி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

கடலூருக்குத் திரும்பி செம்பியனிடம் பத்திரத்தை நீட்டினார். செம்பியன் மூன்றாம் பக்கத்தைப் படித்தான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திருத்து."

"முடியாது மாமா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா பூட்டிக்கும். புதுசா போட்டா அவரு திரும்பக் கையெழுத்துப் போடணும்."

வக்கீலிடம் போனார். வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து, "கேஸ் போடலாம் சார். ஆறேழு வருஷத்துல ஒரு முடிவு தெரிஞ்சிடும்" என்றார். அதற்குள் பேரப்பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிடும்.

அன்றைக்கு சாயந்திரம் இலக்கியா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். சுப்புராயன் பெண்டாட்டி செல்லாயி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நாப்பத்தேழு எடத்துல பேரு இருக்கு. ஒரு கதவத் தொறக்க முடியல."

மறுநாள் காலை சுப்புராயன் செம்பியன் கடையில் போய் உட்கார்ந்தார். "வோட்டர் லிஸ்ட் இன்டர்நெட்ல இருக்குன்னு சொன்னல்ல? அதுல சுப்புராயன்னு தேடு. இதுலயாவது ஒழுங்கா தேடு."

கடலூர் ஜில்லாவில் எண்ணூற்றுப் பன்னிரண்டு சுப்புராயன்கள் இருந்தார்கள். இத்தனை பேரா என்று அவருக்குக் குமட்டியது. தனக்கென்று ஒரே ஒரு பேர் வைத்ததாக அவர் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். பத்து நாள் அலைந்தார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் சுப்புராயன், டிராக்டரிலேயே வருகிறேன் என்று அடம்பிடித்து, கடைசியில் பஸ்ஸுக்குச் சம்மதித்தார். வடலூர் சுப்புராயன், போகிற வழியில் எவரும் முட்டை தின்னக் கூடாது என்ற கண்டிஷனில் வந்தார். பண்ருட்டியில் அண்ணன் தம்பி இருவருமே சுப்புராயன். தம்பிக்குப் பேர் வைக்கும்போது அப்பாவுக்கு அண்ணன் ஞாபகம் வரவில்லையாம். ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு சுப்புராயன் பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் நாலு சுப்புராயன்களுக்கு பாலிசி போட்டுவிட்டார். "பத்து டிக்கெட்டா? பேரு சொன்னாதான் சீட்டு" என்று விளையாட்டுக்குக் கேட்ட கண்டக்டர், பேர்களைக் கேட்டுவிட்டு விசிலை ஊத மறந்துவிட்டார். இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் பஸ் நின்றது.

தன்னோடு சேர்த்துச் சரியாகப் பத்து. ஒரே வெற்றிலைச் சாறு, வியர்வை, தைலம். சுப்புராயன் ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

ராஜாமணி கதவைத் திறந்தான். பத்துப் பேரும் வோட்டர் கார்டை நீட்டினார்கள். தெரு கூடிவிட்டது. அவன் ஒவ்வொன்றாக வாங்கி நிதானமாகப் படித்தான். ஏழாவது கார்டில் நிறுத்தினான்.

"இவரு சுப்பராயன். பு இல்ல."

"அச்சுல உட்டுப்போச்சுங்க" என்றார் அந்தப் பாவப்பட்ட மனிதர்.

"அச்சுப்பிழைக்கு நான் என்ன பண்றது? பத்திரத்துல எப்டி இருக்கோ அப்டித்தான். பத்திரம்னா பத்திரம்தான மாமா?" ராஜாமணி கார்டைத் திருப்பிக் கொடுத்தான். "ஒம்போதுதான். இன்னொருத்தரக் கூட்டியாங்க. நான் எங்கயும் போவல."

சுப்புராயன் பத்திரத்தைப் பிரித்தார். அதுவரை நாலாம் பக்கத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. தன் மண்புழுவைப் பார்க்கப் பிடிக்காமல் விட்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். மண்புழுவுக்குப் பக்கத்தில் இன்னொரு புழு. அதற்குக் கீழே, 'ஒப்பந்தத்தில் உள்ளபடி உங்கள் பெயரை நீங்களே எழுதவும்' என்ற இடத்தில், குடியிருப்பவர் தன் கையாலேயே அடித்திருந்த பெயர்.

அதைத் தெருவுக்குக் கேட்கும்படி படித்தார். "ராஜாசுப்புராயன்."

கூட்டம் ராஜாமணி பக்கம் திரும்பியது.

"இது ஒங் கையெழுத்தா?"

"அது... ராஜாமணிய அந்த மிஷின் அப்டி மாத்திடுச்சு. அப்டியே அடிச்சாதான் ஏத்துக்குது."

"பத்திரம்னா பத்திரம்தானப்பா? பத்தாவது ஆளு நீதான்."

"நான் ராஜாசுப்புராயன் மாமா. வெறும் சுப்புராயன் இல்ல."

இன்சூரன்ஸ் சுப்புராயன் முன்னால் வந்து அவன் தோளில் கை வைத்தார். "நான் கே. சுப்புராயன். இவரு வி. சுப்புராயன். உனக்கு இனிஷியல் கொஞ்சம் நீளம், அவ்ளோதான். பாலிசி எதுனா இருக்கா தம்பி?"

தெரு சிரித்தது. ராஜாமணி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். பத்து பேருக்கும் ஒப்படைக்க வேண்டும் என்று நெல்லிக்குப்பத்துக்காரர் பிடிவாதம் பிடித்ததால், முதலில் தனக்குத் தானே ஒப்படைத்துக்கொண்டு, பிறகு பண்ருட்டி அண்ணனிடம் கொடுத்தான். அண்ணன் தம்பியிடம் கொடுத்தார். ஒன்பது கை மாறி, வெற்றிலைச் சாறும் தைலமுமாகச் சாவி சுப்புராயனிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் வாங்கிக்கொண்டார்.

சாமான்களோடு ராஜாமணி அன்றைக்கே போய்விட்டான். புறாக்களை விட்டுவிட்டுப் போனான். கேட்டதற்கு, பத்திரத்தில் புறாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றான். அது உண்மைதான்.

அடுத்த திங்கட்கிழமை இலக்கியா அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். சுப்புராயன் முன்னறையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். திறந்துவிட்ட புறாக்கள் மத்தியானத்துக்குள் திரும்பி வந்து உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கழுவின தரையைக் காப்பாற்ற, பத்திரத்தின் நாலு தாளையும் உத்தரத்துக்கு நேர் கீழே விரித்து வைத்தார்.

முதல் எச்சம் மூன்றாம் பக்கத்தில், பத்து சுப்புராயன் மேல் விழுந்தது.