ராங்கிக்குப் புது வூடு

மணலியில எங்க துண்டு நெலத்த பேக்டரிக்கு எடுத்துக்கினாங்கோ. மூணு எருமைங்கள ஒறவுக்காரங்களுக்குக் குட்துட்டேன். கடைசி எருமை ராங்கிய கொருக்குப்பேட்டை குணசேகரன் ஓட்டிகினு போனான். ஹார்பர்ல மூட்டை தூக்குறவன். கெடா மீசை, ஆனா தங்கமான மனசு.

நாலே நாள்ல ஓடியாந்தான். "தாயம்மாக்கா, கிட்ட போனாலே ஒதைக்குது. சொட்டு பால் எறக்கல."

பின்னாலயே மாட்டுத் தரகன் ஒருத்தன் வந்து நின்னான். "அடிமாட்டுக்குத் தள்ளிடு, லாரி ரெடியா கீது."

எனக்கு வந்துச்சே கோவம்! "நா வளத்தத வெட்டவா கேக்குற? வா, வந்து பாருடா!"

பால் கறக்கசொல்ல நான் கட்டுற பழைய சேலைய எடுத்துக்கினு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். குணசேகரனுக்கு லுங்கி மேலயே அதச் சுத்தி, முக்காடும் போட்டு, "உக்காந்து கற"ன்னேன். தெருவே கூடிச் சிரிச்சுது. தரகன் வவுத்தப் புட்ச்சிகினு சிரிச்சான்.

ராங்கி சேலைய மோந்து பாத்துச்சு. அசையாம நின்னுச்சு. சொம்புல சர்ருனு பால் எறங்கிச்சு. தரகன் மூஞ்சி தொங்கிப்போச்சு.

குணசேகரன் முக்காட்ட எடுக்காமலே மீசைய முறுக்கினான்.

"இனிமே எவன் சிரிச்சாலும், அவன் வூட்டுக்கு நாளைக்குப் பால் கெடையாது!"