சார்ஜன் மடித்த போர்வை

பென்ஷனோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. இன்றைக்கும் விடியும்போதே அடுப்பில் வாழையிலை வாட்டும் வாசம் வந்துவிட்டது. சுடுசோறு, உப்புக்கண்டம், முட்டைப் பொரியல் எல்லாம் வைத்துக் கட்டிய பொதியை மஸீஹா கையில் கொடுத்தாள். சாலிஹ் சார்ஜன் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பதாம் வருஷம் பட்டாளத்தில் சேர்ந்து, இருபது வருஷம் கழித்து மாத்தளையில் வந்து இறங்கிய மனிதனுக்குப் பெண்டாட்டி தினமும் வழிச்சோறு கட்டித் தந்தால் என்ன அர்த்தம்? போய்த் தொலை என்றுதானே அர்த்தம்!

கேட்க வாய் வரவில்லை. தியத்தலாவைப் பயிற்சி மைதானத்தில் அவர் போட்ட சத்தத்துக்கு ஒரு கம்பனியே காலடி மாற்றியது. மஸீஹாவுக்கு முன்னால் அதே தொண்டை பூனைக்குட்டியாகிவிடும். போக வேறு இடமில்லாமல், அலுவிகாரையில் அவள் தம்பி ஜைனுதீன் வைத்திருந்த கடைக்குப் போய் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார். ருசியில் ஒரு குறையுமில்லை. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"லீவு எப்ப முடியுது மச்சான்?" என்றான் ஜைனுதீன்.

"லீவு இல்லடா, பென்ஷன்! இனி மௌத்தாகி அடக்கமானாலும் இந்த ஊருதான்."

"ராத்தா நம்பலியே. நீங்க இன்னைக்குக் கெளம்புறதாத்தானே செல்லிச்சி. நேத்தும் அப்படித்தான் செல்லிச்சி."

சார்ஜன் பாதிச் சோற்றோடு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

"நான் இந்த வீட்டுல ஈக்கிறது உனக்குப் புடிக்கலியா?"

மஸீஹா கொச்சிக்காய் அரைத்த காரக் கையோடு எழுந்து வந்தாள். "நல்லாச் செல்றீங்க! எந்திரிச்சதும் போர்வைய மடிச்சி டிரங்குப் பெட்டி மேல வெக்கிறது யாரு? கால் சப்பாத்த மினுக்கிப் பக்கத்துல வெக்கிறது யாரு? இத்தன வருஷமா அத வெச்ச நாளெல்லாம் நீங்க போன நாள். இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் பென்ஷன்னு செல்லிட்டு, திரும்பப் போய்ப் பட்டாளத்துல கையெழுத்து வெச்ச மனுசன்தானே? கேட்டா அழுதுடுவேன்னுதான் கேக்காமச் சோறு கட்டினேன்."

சார்ஜன் பெட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லீவில் வந்தால் விருந்தாளியாகப் புரண்டு கிடப்பார். இனி இது சொந்த வீடு, ஒழுங்காக இருக்கவேண்டும் என்றுதான் மடிக்கவே தொடங்கியிருந்தார். அதைச் சொல்லப்போனால் தனக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. உள்ளே போய்ச் சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பக்கத்தில் போர்வை கசங்கிக் கிடந்தது. மஸீஹா எட்டிப் பார்த்தாள்.

"எருமை படுத்தெழும்பின மாதிரி ஈக்கி" என்று வைதுவிட்டுப் போனாள்.

மடிக்கக் கை பரபரத்தது. சார்ஜன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். வாழையிலை வாட்டும் வாசம் வரவில்லை. அடுக்களையில் பீங்கான் தட்டு கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று.