அடுத்த வாரத்துச் சட்டை

மூன்றாவது சட்டைக்கு மாறும்போதுதான் மணிமாறனுக்கு வியர்க்கத் தொடங்கியது. வார்டில் ஏசி எலும்பைத் தொடுகிற குளிர். கட்டிலைச் சுற்றி இழுத்துவிடும் பச்சைத் திரைக்குள் நின்றுகொண்டு, கழற்றிய கோடு போட்ட சட்டையை மடித்து வைத்தான். ஹேங்கரில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து மாட்டினான். முதல் படத்துக்கென்று இரண்டு நாள் தாடியோடு வந்திருந்தான். அதை எடுத்ததும் கழிவறைக்குப் போய் மழித்துக்கொண்டு வந்து இரண்டாவது படம். மூன்றாவதற்கு நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம் போட வேண்டும், நான்காவதற்கு மூக்குக்கண்ணாடி. எந்த வேலையையும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டுதான் அவன் தொடங்குவான். ஒரு சரக்குக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இத்தனை வருடம் நிலைத்திருப்பதே அந்தப் பழக்கத்தால்தான்.

கட்டிலில் கிடந்த முனியசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதையும் பேசுவதையும் தவிர அவரால் வேறெதுவும் முடியாது. ராஸ் அல் கைமா மலையடிவாரத்துக் கல்குவாரி ஒன்றில் லோடர் வண்டி மேலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து கைகால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர்.

"சார், அந்தா அந்த போர்டுல இன்னைக்குத் தேதி எழுதியிருக்கு பாருங்க. படத்துல விழுந்துறாம" என்றார்.

சுவரில் நர்ஸின் பெயரும் தேதியும் எழுதிய வெள்ளைப் பலகை. இவ்வளவு யோசித்தவன் அதைக் கவனிக்கவில்லை. முதலிரண்டு படங்களையும் அவசரமாகத் திறந்து பார்த்தான். நல்லவேளை, பலகை அதில் இல்லை.

"அரே மணி பாய், ஃபேஷன் ஷோ நடக்குதா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தான் அஹ்சன். வார்டைத் துடைத்துச் சுத்தம் செய்கிற பெஷாவர்க்காரன். படமெடுக்க மணிமாறனின் போன் அவன் கையில்தான் இருந்தது. முனியசாமிக்கும் சிரிப்பு வந்தது. முகம் மட்டும்தான் சிரித்தது, உடம்பு அசையவில்லை. "நீலம் நல்லா எடுப்பா இருக்கு சார். பொண்ணு பாக்கப் போறவுக கணக்கா இருக்கீக."

அவர் சிரித்தது மணிமாறனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படுத்திருக்கிற மனுஷனே சிரிக்கிறபோது இதில் தப்பென்று என்ன இருக்கிறது.

அவன் சேர விரும்பிய கிளப்பின் விதி அப்படி. புதிதாகச் சேருகிறவர்கள், இங்கே சொந்தபந்தம் இல்லாத ஒரு நோயாளியை நான்கு சனிக்கிழமைகள் போய்ப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். போனதற்கு ஒரு படம் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் உறுப்பினர். ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு வண்டி ஓட்டிப் போய்த் திரும்புவதற்குள் ஒரு சனிக்கிழமையே கரைந்துவிடும். ஆபீஸில் ஆடிட் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்வோம், நேரம் கிடைக்கிற வாரம் நிஜமாகவே வந்துவிடலாம் என்றுதான் அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அதை அவன் நம்பவும் செய்தான்.

கிளப் வேண்டியிருந்தது மனைவி உமாராணிக்காக. துறையூரிலிருந்து அவளை அழைத்து வந்ததிலிருந்து அந்த ஒற்றை பெட்ரூம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே கட்டடத்திலிருக்கும் ஜலஜா ஒருமுறை அவளைக் கிளப் பிக்னிக்குக்கு விருந்தாளியாகக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து, "எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. மெம்பர் ஃபேமிலி எல்லாம் இந்தப் பக்கம் வாங்கன்னாங்க. நான் பையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்காக என்பது உண்மைதான். முழு உண்மை இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த மணிமாறனுக்கு, இங்கிலீஷில் ஜோக்கடித்துக்கொண்டு வட்டமாக நிற்கிற அந்த மனிதர்களுக்கு நடுவில் தானும் ஒருநாள் சட்டைப் பையில் கிளப்பின் பின்னைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்றிருந்தது.

நான்காவது படமும் முடிந்தது. அஹ்சனைப் பக்கத்து வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மணிமாறன் சட்டைகளை ஹேங்கரோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சார், ஒரு சின்ன உதவி" என்றார் முனியசாமி. "வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் காதுல புடிக்கிறீகளா? சனிக்கிழமைன்னா அவ காத்துக்கிட்டு இருப்பா. ஸ்பீக்கர்ல போட்டா ரூமே கேக்கும் சார், அவ வேற அழுவா."

மணிமாறன் கடிகாரத்தைப் பார்த்தான். "ட்ராஃபிக் ஆயிடும்ணே. அடுத்த வாரம் வர்றப்ப நிதானமா பேசலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. முனியசாமியின் கண்கள் தோளில் தொங்கிய சட்டைகளின் மேல் போயின. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தன.

"சரிங்க சார். அடுத்த வாரம் பேசிக்கிறலாம்."

அந்தக் குரலில் குத்தல் ஏதாவது இருந்திருந்தால் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கலாம். ஒன்றும் இல்லை. ஷார்ஜா வந்து சேரும்வரை பின்சீட்டின் கொக்கியில் சட்டைகள் ஆடிக்கொண்டே வந்தன.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸிலிருந்தே இரண்டாவது படத்தைப் போட்டான். குழுவில் கைதட்டும் எமோஜிகள் வந்து குவிந்தன. மூன்றாவது சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. காலையில் எழுந்து சாவியைக்கூடக் கையில் எடுத்தான். போய் நின்றால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டும், போன வாரம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கமாட்டார், அந்தக் கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டும். சாவியை வைத்துவிட்டு உமாராணியோடு காய்கறி வாங்கப் போனான். தக்காளித் தட்டின் பக்கத்தில் நின்றபடி மூன்றாவது படத்தை அனுப்பினான். போன் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியதும் உமாராணி எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். டி-ஷர்ட்டில் நின்ற அவனைப் பார்த்தாள்.

"அந்த நீலச் சட்டை துணிக்கூடையில கிடக்கு" என்றாள்.

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதற்கு நான்கு சட்டை என்று அன்றைக்குக் கேட்டதும், ஆபீஸில் மாற்றிக்கொள்ள என்று அவன் சொன்னதை நம்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"வெண்டைக்காய் எடுக்கவா? பிஞ்சா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். வண்டியில் வரும்போதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தான், கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. உறுப்பினராகும் விழாவுக்கென்று அவள் வாங்கிய மயில்கழுத்து நிறப் புடவைக்கு ரவிக்கை தைத்து வந்திருந்தது அந்த வாரம்தான்.

நான்காவது படத்தையும் போட்டதற்கு அடுத்த சனிக்கிழமை மாலை விழா, துபாய் கராமாவில் ஒரு உணவகத்தின் மாடி ஹாலில். தலைவர் வெங்கட்ராமன் வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று எல்லோரும் அவரைக் கேலி செய்வார்கள், அவரும் அதை ரசிப்பார். "நம்ம புது மெம்பர்ஸ் எல்லாருமே முதல் வாரம் ஜோரா போவாங்க. ரெண்டாவது வாரம் மாமியார் வந்துடுவாங்க. மூணாவது வாரம் கார் பஞ்சர்" என்றார். ஹாலே சிரித்தது. "ஒருத்தர்தான் ஒரு வாரம்கூட விடல. அதுவும் ராஸ் அல் கைமா வரைக்கும். மணிமாறன், ஸ்டாண்ட் அப் ப்ளீஸ். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

மணிமாறன் எழுந்து நின்றான். கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் முனியசாமியை வைத்துத் தள்ளிக்கொண்டு அஹ்சன் வந்தான்.

தலை சாயாமலிருக்கக் கழுத்தில் பட்டை போட்டிருந்தார்கள். சட்டை புதுசு, மடிப்புக் கலையாமல் அட்டை மாதிரி நின்றது. கிளப் செலவில் அன்றிரவு மதுரை விமானத்தில் அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள். போகிற வழியில் மேடையேற்றி டிக்கெட்டைக் கொடுப்பதாக ஏற்பாடு.  உமாராணியின் பக்கம் மணிமாறன் திரும்பவில்லை.

வெங்கட்ராமன் குனிந்து மைக்கை முனியசாமியின் வாயருகே பிடித்தார். "ஐயா, மணிமாறனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

முனியசாமி கண்ணை மட்டும் நகர்த்தித் தேடினார், கண்டுபிடித்தார்.

"சார் வாரா வாரம் வந்தாக" என்றார். "வந்து உக்காந்து பேசுவாக. வீட்டுக்கு போன் போட்டு, நான் பேசி முடிக்கிற வரைக்கும் காதுல புடிச்சுக்கிட்டே இருப்பாக. கை வலிக்குதான்னு கேட்டா இல்லம்பாக."

கைதட்டல் எழுந்தது. சொன்னது ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அஹ்சனும் மலர்ந்த முகத்தோடு தட்டினான். தலையைக் குனிந்துகொண்டு நின்ற மணிமாறனை, அடக்கமானவர் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எதற்காகச் சொன்னார் என்று அவன் மனம் அலைந்தது. இரக்கமா, இல்லை டிக்கெட் இன்னும் கைக்கு வரவில்லையே, இவர்களில் ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் பயணம் நின்றுபோகுமோ என்ற பயமா? பயம்தான் என்றால், இந்த உடம்போடு கிடக்கிற மனிதனைப் பொய் சொல்ல வைத்ததும் தன் கணக்கில்தான் சேரும்.

டிக்கெட் இருந்த உறையை மணிமாறன் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். வாங்க அவர் கை எழாததால் மடியில் வைத்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான். "சார், இன்னொரு தடவை" என்றார் படமெடுத்தவர். "ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்க." முனியசாமி சிரித்தார். இந்தமுறை மணிமாறன் முனியசாமியின் விரல்களை எடுத்து உறையின் மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டான். அந்த விரல்களை அவன் தொடுவது அதுவே முதல்முறை. சில்லென்று இருந்தன.

பின்னை மனைவிதான் குத்திவிட வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம். மயில்கழுத்துப் புடவையில் உமாராணி மேடைக்கு வந்தாள். சட்டைப் பைக்கு மேலே துணியைக் கிள்ளிப் பிடித்துப் பின்னை ஏற்றினாள்.

"குத்துதா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்ல."

"எனக்குக் குத்துது" என்றாள். அதன் திருகாணியைத் திருகிவிட்டு, ஹாலைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள்.

சாப்பாடு எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். முனியசாமியை ஜன்னலோரமாக நிறுத்திவிட்டு அஹ்சன் ஆம்புலன்ஸைப் பார்க்கக் கீழே போயிருந்தான். மணிமாறன் அங்கே போய் நாற்காலியின் முன் குந்தி உட்கார்ந்தான். 

"அண்ணே, நான் அன்னைக்கு..."

"அட விடுங்க சார். இன்னைக்குச் சனிக்கிழமைல்ல" என்றார் முனியசாமி. "சட்டைப் பையில போன் இருக்கு. மாரின்னு போட்டிருக்கும். ஒரு போன் போட்டுக் காதுல புடிக்கிறீகளா?"

எடுத்து, போட்டு, அவர் காதில் வைத்துப் பிடித்தான். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள். ஹால் இரைச்சலிலும் அவர் மனைவி மாரியம்மாளின் குரல் அவன் விரல் வழியே அதிர்ந்து வந்தது. ஏர்போர்ட்டுக்கு வேன் பேசியிருக்கிறதாம், படுக்க வைத்துக் கூட்டிவர மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறதாம். பிறகு கேட்டாள், "இன்னைக்கும் அந்த சார்தான் புடிச்சுக்கிட்டு இருக்காகளா?"

"ஆமா புள்ள. அவுகதான்."

"பாவம், அவுகளுக்குக் கை வலிக்கும். சீக்கிரம் வச்சுரு."

முனியசாமி அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "வலிக்காதாம். நீ சொல்லு" என்றார்.

"மணிமாறன், வாங்க, குரூப் போட்டோ" என்று வெங்கட்ராமன் கூப்பிட்டார். குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றிருந்தார்கள். உறுப்பினர்களின் மனைவிகளோடு உமாராணி நின்றாள், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு. மணிமாறன் இன்னொரு கையால் சைகை காட்டினான், வரவில்லை என்று. தோளிலிருந்து முழங்கை வரை நரம்பு இழுக்கத் தொடங்கியிருந்தது. அவன் கையை மாற்றவில்லை. அந்தப் பக்கம் மாரியம்மாள் எதையோ சொல்ல ஆரம்பித்து அழுதாள்.

"அந்த இடைவெளியை மூடிடுங்க, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார் படமெடுக்கிறவர். வரிசை முழுதும் ஒரு பக்கமாக அசைந்து நெருங்கியது. உமாராணி மட்டும் நகரவில்லை. கேமராவைப் பார்க்காமல், ஜன்னலோரம் உயர்ந்து நின்ற அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஃபிளாஷ் அடித்தது.