கடைசி வரிசைக்கு நடித்தவள்

அவள் நடந்தால் தரைக்கே தெரியாது. அதனால் வீட்டில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். விவரம் தெரிந்த நாளிலிருந்து நாட்டியம்தான் அவள் உலகம். மேடையில் அவள் ஒரு புருவத்தை உயர்த்தினால், கடைசி வரிசையில் தூங்கி வழிந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை அறை வாசலில் ஒரு சினிமா இயக்குநர் வந்து நின்றார். தன் படத்துக்கு அவள்தான் கதாநாயகி என்றார். பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எத்தனை டான்ஸ் சார்?"

"ஒண்ணுகூட இல்லம்மா. நீங்க பஸ் கண்டக்டர்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடறீங்க?"

"ஆடும்போது உங்க தோடு கழண்டு விழுந்துச்சுல்ல? ஒரு நொடி ஆட்டத்தையே மறந்துட்டு, அது உருண்டு போறதைப் பார்த்தீங்க. எனக்கு வேண்டியது அந்த முகம்தான்."

முதல் நாள் படப்பிடிப்பு ஆஸ்பத்திரியில். விபத்தில் அடிபட்ட கணவனுக்கு உள்ளே ஆபரேஷன். வெளியே பெஞ்சில், சீருடையும் தோள்பையுமாக அவள் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

பஞ்சு கண்களை அகல விரித்தாள். உதடு துடித்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. விரல்கள் வேறு அழகாக மடங்கின. லைட் பிடித்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

கேமராமேன் தன்மையாகச் சொன்னார். "அம்மா, கேமரா உங்க மூக்குக்கு முன்னாடியே இருக்கு. நீங்க அடுத்த தெருவுக்கு நடிக்கிறீங்க."

சாயங்காலம்வரை அதே கதைதான். வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தங்கை, விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, அம்மாவோட பீங்கான் ஜாடியை உடைச்சிட்டுப் பூனை மேல பழியைப் போட்டியே, ஞாபகம் இருக்கா? உள்ளுக்குள்ள உனக்கு உதறல். மூஞ்சி மட்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. அம்மா நம்பிட்டாங்க. நான் உன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டேன்."

"அதுக்கு?"

"கேமராவை அம்மான்னு நெனச்சுக்கோ. எதையும் காட்டிடாத."

மறுநாள் பஞ்சு அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பயத்தை வயிற்றுக்குள் அமுக்கிப் பூட்டினாள். பைக்குள் இருந்த சில்லறையைக் கை மட்டும் அளைந்துகொண்டே இருந்தது. காட்சி முடிந்தது. ஆஸ்பத்திரியை நிஜமாகவே பெருக்க வந்திருந்த அம்மாள் ஒருத்தி வேகமாக வந்து, "ஒண்ணும் ஆகாது கண்ணு, தைரியமா இரு" என்று அவள் தோளைத் தட்டினாள். இயக்குநர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

படம் வெளியானபோது குடும்பமே தியேட்டருக்குப் போனது. ஆஸ்பத்திரிக் காட்சியில் அம்மா திடீரென்று முன்னால் சாய்ந்தாள்.

"அடிப்பாவி! அன்னைக்கும் இதே மூஞ்சிதானே! அந்த ஜாடியை உடைச்சது நீதானா!"

முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. தங்கை வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பஞ்சுவுக்கு வாய்ப்புகள் குவிந்தன. நீதிபதியாக வந்தாள், கைதேர்ந்த திருடியாக வந்தாள், ஒரு படத்தில் பேயாகக்கூட வந்தாள். காலையில் நாட்டியப் பயிற்சியை மட்டும் விடவில்லை. கேமராவுக்கு ஒளித்து வைத்ததையெல்லாம் அங்கே அள்ளி இறைத்தாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"நீங்க... அந்தக் கண்டக்டரம்மாதானே?"

"ஆமாங்க."

"ஆபரேஷன் ரூம் கதவு திறக்கறதோட படத்தை முடிச்சிட்டாங்களே, பாவிங்க. அன்னையிலிருந்து மனசே ஆறல. உங்க வீட்டுக்காரர் பொழைச்சாரா?"

கதையில் அது எழுதப்படவே இல்லை. பஞ்சு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழைச்சிட்டாருங்க. இப்போ நல்லா நடக்கறார். என் பஸ்லயே ஏறி, டிக்கெட் எடுக்க மாட்டேன்னு சண்டை போடறார்னா பார்த்துக்கோங்க!"

அந்தப் பெண் கடையே அதிரச் சிரித்தாள்.